மாசிப் பனியும் தேயிலைத் தவறணையும்

வசந்தம் பிந்தி வந்துவிட்டதென்று மேல்நாட்டுத் தோட்டக்காரர் புலம்புவதைப் படிக்கும்போது நமக்குச் சிறிது சிரிப்பு வருவதுண்டு. பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே குடியிருக்கும் நமக்கு வசந்தம் ஏது, அது பிந்துவது ஏது? நான்கு பருவங்களையும் பள்ளிப் புத்தகத்துப் படத்தில் பார்த்ததோடு சரி. இந்த எண்ணத்தோடுதான் அண்மையில் ஓராண்டு, பங்குனி நடுவில், பதுளையிலிருந்து புறப்பட்டு ஹப்புத்தளைப் பக்கத்து மலைச்சரிவொன்றில் இருக்கும் தேயிலைத் தவறணையைப் பார்க்கச் சென்றோம்.

தவறணை என்றதும் கள்ளுத் தவறணையை எண்ணிவிட வேண்டாம். கன்றுகளை வளர்த்தெடுக்கும் நாற்றுமேடைக்கு நம் தோட்டத்து மக்கள் வழங்கும் பெயர் அது. நாம் சென்ற தவறணை பெரிய தோட்டமொன்றுக்கு உரியதன்று. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரும் அவருடைய மனைவியாரும் தம் சொந்தக் காணித்துண்டில் நடத்துவது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறுபற்று நிலக்காரர் வந்து கன்று வாங்கிப் போவார்கள். பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். அம்மையார் பன்னிரண்டு வயதிலே தவறணை வேலைக்குப் போனவர்.

பங்குனி வெயில் பல்லைக் காட்டும் என்று எதிர்பார்த்துச் சென்ற நமக்கு அங்கே காத்திருந்தது மூடுபனி. பத்து மணியாகியும் எதிரே நின்ற சவுக்கு மரங்கள் தெரியவில்லை. பெரியவர் கம்பளித் தொப்பியும் சாக்குப் போர்வையுமாக வந்து, "வாங்க தம்பி, கன்று பார்க்க வந்தீங்களா, குளிர் பார்க்க வந்தீங்களா?" என்று வரவேற்றார். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பாங்க. இந்த வருஷம் பங்குனியும் சேர்ந்து துளைக்குது."

நான்கடி அகலப் பாத்திகளில் கறுத்த பொலித்தீன் பைகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் கையளவு அகலமும் சாணுக்கு மேலான உயரமும் உடையது. ஒவ்வொரு பையின் வாயிலும் ஒரேயோர் இலை. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள், யாரோ குழந்தை விளையாட்டாக இலைகளைப் பறித்து மண்ணிலே குத்தி வைத்திருக்கிறது என்று நினைக்கக்கூடும். உண்மையும் அதற்கு வெகுதூரம் இல்லை.

தேயிலையை விதை போட்டு வளர்த்த காலம் ஒன்றிருந்தது. 1867-ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டபோதும், அதன்பின் 1869-இல் நம் மடுல்சீமைப் பக்கத்திலே முதன்முதல் தலைகாட்டிய இலைத்துரு நோய் இலங்கைக் கோப்பியையே அழித்து, கோப்பித் தோட்டங்களெல்லாம் தேயிலைத் தோட்டங்களாக மாறியபோதும், விதையே கதியாயிருந்தது. விதைகளைத் தண்ணீரில் கொட்டுவார்கள். மிதப்பதை ஒதுக்கி, அமிழ்வதை எடுத்து, ஈர மணலில் பரப்பி, ஓடு வெடித்ததும் பாத்தியில் ஊன்றுவார்கள். இந்த வேலை எளிதுதான். ஆனால் தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. பக்கத்துச் செடியின் மகரந்தமே அதற்கு வேண்டும். ஆகவே ஒரே மரத்து விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல ஆளுக்கொரு குணமாயிருக்கும். ஒன்று கொழுந்தாய்க் கொட்டும். அடுத்தது பெயருக்கு நிற்கும். ஊவாவின் பழைய மலைகளில் நூறாண்டு கண்ட விதைத் தேயிலை இன்றும் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் இரண்டு செடிகளின் இலை ஒன்றுபோல் இருப்பதில்லை.

1925-இல் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு வழி கண்டது. நல்ல தாய்ச்செடி ஒன்றைத் தேர்ந்து, அதன் கிளையைத் துண்டு துண்டாக வெட்டி வேர்விடச் செய்தால், பிறப்பதெல்லாம் தாயின் மறுபடிவமாகவே இருக்கும். இப்படிப் பிறந்தவைதாம் தோட்டங்களில் 'வீ.பீ.' என்று வழங்கும் தேயிலைகள். டீ.ஆர்.ஐ. 2025 என்ற இலக்கத்தைத் தோட்டத்துச் சிறுவர்களும் அறிவர். தாய்ச்செடியைக் கவ்வாத்து வெட்டிச் சில மாதம் கொழுந்து பறிக்காமல் விட்டால் நீண்ட கிளைகள் எழும். நுனியின் மிக இளசையும் அடியின் முற்றலையும் தள்ளி, நடுப்பகுதியில் ஓர் இலையும், அதன் கக்கத்தில் ஒரு மொட்டும், கீழே ஓர் அங்குலத் தண்டுமாகச் சவரக்கத்தியால் அரிந்தெடுக்கிறார்கள். அம்மையார் நமக்கு ஒன்றை அரிந்து காட்டினார். கத்தி போனது தெரியவில்லை. நாமும் ஒன்று முயன்றோம். தண்டு நசுங்கியது. "அதை நட்டா அழுகிரும்" என்று சொல்லி அம்மையார் அதை வாங்கிப் பின்புறம் எறிந்துவிட்டார்.

அந்த ஓரங்குலத் தண்டு மண்ணுக்குள் போனபின் நடப்பதே இக்கட்டுரையின் பொருள். முதல் சில வாரங்களில் வெட்டுவாயில் வெண்மையாய்த் தடித்த தழும்புபோல ஒன்று திரளும். அதன் பக்கமாக எட்டு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் வேர் புறப்பட வேண்டும். வேருக்கு ஈரம் வேண்டும், புளிப்பான மண் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இளஞ்சூடு வேண்டும். மண் 20 பாகை செல்சியசுக்கு மேலிருந்தால் அதற்கு உவப்பு. காற்றின் வெப்பம் 12, 13 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் தேயிலைத் துளிர் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும். மலையில் ஆயிரம் அடி ஏறுகையில் ஏறத்தாழ இரண்டு பாகை குறையும். பதுளைப் பட்டினம் 2,200 அடி உயரத்தில் இருக்கிறது, ஹப்புத்தளையோ 4,700 அடியளவில் இருக்கிறது. ஒரே தாய்ச்செடியின் துண்டுகளை ஒரே நாளில் இரண்டிடத்திலும் நட்டால், பதுளைப் பிள்ளை நடந்து பள்ளிக்கூடம் போகும்போது ஹப்புத்தளைப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும்.

இந்தத் தவறணையில் துண்டுகள் நடப்பட்டது கார்த்திகைக் கடைசியில். மார்கழியிலும் தையிலும் வாடைக்காற்றோடு மழை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருந்தார்கள். தை பிறந்தது, மூடுபனிதான் அடர்ந்தது. மாசியில் வானம் சில நாள் வெளுத்தது. அப்படி வெளுத்த இரவுகளில் மேகப்போர்வை இல்லாமையால் நிலத்தின் சூடெல்லாம் ஆகாயத்துக்குப் போய், விடியலில் புல்நுனி நறுக்கென்று முறியுமளவுக்குக் குளிர்ந்தது. பிறகு மீண்டும் மூட்டம். பங்குனி நடுவில் நாம் போனபோது நட்டுப் பதினாறு வாரத்துக்கு மேலாகியிருந்தது.

இலைகளோ பச்சைப்பசேலென்று நின்றன. "நன்றாகத்தானே இருக்கின்றன?" என்றோம்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஒரு பையை எடுத்து, மண்ணைத் தளர்த்தி, துண்டை மெல்ல உயர்த்தினார். அடியில் பட்டாணிக்கடலை அளவில் ஒரு வெள்ளை உருண்டை. வேர் ஒன்றுகூட இல்லை. இன்னொரு பாத்தியில் மற்றொன்றை எடுத்தார். அதிலும் அப்படியே. மூன்றாவதில் மட்டும் நூல்போல இரண்டு வேர். "இலை தன் சொந்தக் கையிருப்பைச் சாப்பிட்டுக்கிட்டு நிக்குது, தம்பி. அது தீர்ந்தா ஒரே நாளில் பழுக்கும். அது தீருமுன்னே வேர் வரணும்" என்றார்.

இத்தகைய வேளையில் மனிதர் செய்யும் முதற்பிழை உரம் போடுவது என்று அறிந்தோம். வளரவில்லை என்றால் ஊட்டம் போதவில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்? வாயில்லாத பிள்ளைக்குப் பால் கொடுப்பதை அது ஒக்கும். வேரில்லாத துண்டினால் உரத்தை எடுத்துக்கொள்ள இயலாது. உப்பு மண்ணிலே தேங்கித் தழும்பையே சுட்டுவிடும். 2021-இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வேரோடிய கன்றுகளுக்கு ஒரு பிடி உரம் கிடைக்காமல் அலைந்தவர் இந்தப் பெரியவர். இப்போது மூலையில் மூட்டை இருக்கிறது, போடத்தான் முடியவில்லை. இரண்டாம் பிழை, மாலையில் தண்ணீர் ஊற்றுவது. ஈரமண் இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும். முற்பகலில் ஊற்றினால் பொழுது சாயுமுன் சற்றே உலரும். இலையில் ஈரம் தங்கினால் மற்றொரு பகையும் வந்து சேரும். அது 1946-இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய். குளிரும் மூட்டமும் அதற்குக் கல்யாண விருந்து. வாரந்தோறும் செப்பு மருந்து தெளித்து அதைக் காவல் காத்திருந்தார்கள்.

பாத்திகளுக்கு மேலே மூங்கில் வளையங்களில் பொலித்தீன் கூடாரம். அதற்குமேல் காட்டுப் பன்னத்தழை பரப்பிய நிழற்பந்தல். நிழல் வெயிலுக்காகப் போட்டது. வெயிலே இல்லாதபோது நிழலும் எதிரியாகிறது. ஆகவே அம்மையார் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தழையை உருவிக் குறைத்துக்கொண்டிருந்தார். ஒரேயடியாக எடுத்துவிட்டால், எதிர்பாராமல் ஒரு நண்பகல் வெயில் அடித்தாலும் இளம் இலைகள் வெந்துவிடும்.

ஒன்று நம் கண்ணில் பட்டது. மேற்பாத்திகளில் வேர் கண்டவை அங்கொன்றும் இங்கொன்றுமாயினும் இருந்தன. அடிப்பாத்திகளில் அறவே இல்லை. அதே மண், அதே கைதானே? பெரியவர் கீழ்ப்புற வேலியைக் காட்டினார். ஆடுமாடு வராமலிருக்கப் போட்ட நெருக்கமான உயிர்வேலி. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். வேலி அதற்கு அணைக்கட்டாகிவிட்டது. மாசியிலேதான் இது தமக்கு உறைத்ததென்றும், உடனே கீழே மூன்றடி அகலத்துக்கு வேலியை வெட்டி வாய் திறந்துவிட்டதாகவும் சொன்னார். "ஐம்பது வருஷம் துரைமாருக்குக் கன்று போட்டுக் குடுத்தேன். என் சொந்த வேலியில் புத்தி போகல்லை பாருங்க."

அம்மையார் இடையே தம் தங்கையைப்பற்றிச் சொன்னார். 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் கப்பலேறிப் போன குடும்பம் அது. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழகம் 1968-இல் தொடங்கிய நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் (இன்று டான்டீ என்பர்) வேலை கிடைத்தது. ஊவாவிலே தவறணையில் பழகிய கை அங்கேயும் தவறணைக்கே போயிற்று. முதல் மார்கழியில் தங்கை எழுதிய கடிதத்தில், விடிந்து பார்த்தால் பள்ளத்துத் தேயிலையெல்லாம் நெருப்பில் வாட்டினதுபோல் கறுத்திருக்கிறது, நெருப்போ இல்லை என்றிருந்ததாம். உறைபனியின் வேலை. அங்கே இளஞ்செடிகளைப் புல்லும் பன்னமும் கொண்டு மூடிக் காப்பது வழக்கம். "நம்ம குளிர் மெதுவாக் கொல்லும், அவங்க குளிர் ஒரே ராத்திரியில் கொல்லும்" என்றார் அம்மையார். எது நல்லது என்று அவர் சொல்லவில்லை.

யப்பானியரும் இதில் நம் உறவினரே. அங்கே பெப்ரவரித் தொடக்கத்திலிருந்து எண்பத்தெட்டாம் இரவை, அதாவது மே மாதம் 2-ஆம் திகதியளவை, ஒரு முக்கிய நாளாகக் கொள்கிறார்கள். அதுவரை உறைபனி வந்து புதுக்கொழுந்தைக் கருக்கக்கூடும், அதற்குப்பின் அச்சமில்லை என்பது அவர்கள் கணக்கு. தேயிலைத் தோட்டங்களில் உயர்ந்த கம்பங்களின்மேல் மின்விசிறிகளை நாட்டியிருக்கிறார்கள். விருந்தினருக்குக் காற்று வீச அன்று. அமைதியான குளிரிரவில் தரையோரக் காற்றைவிட ஆறேழு மீற்றர் உயரத்திலுள்ள காற்று வெதுவெதுப்பாயிருக்கும். அதைக் கீழே தள்ளிச் செடிகளைக் காப்பதற்காகவே விசிறி. பெரியவரிடம் இதைச் சொன்னபோது மிகவும் ரசித்தார். வேலியில் தாம் வெட்டிய வாயும் அந்த விசிறியும் ஒரே கல்வி கற்றவை என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

சரி, சில வாரம் பிந்தினால்தான் என்ன குடி முழுகிப்போகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம்.

ஊவாவில் கன்றை நிலத்தில் நடும் காலம் ஐப்பசி, கார்த்திகை. அப்போது பிடிக்கும் மழையில் வேர் ஆழப் போய்விட வேண்டும். ஏனெனில் அடுத்த ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வரும். மேற்கேயுள்ள மலைத்தொடரில் தன் மழையையெல்லாம் இறக்கிவிட்டு, இப்புறம் வறண்டு, சீறிக்கொண்டு இறங்கும் காற்று அது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுக்கும் அந்த மணம் இந்தக் காற்றினாலேயே உண்டாவது. முதிர்ந்த செடிக்கு மணம் கொடுக்கும் அதே காற்று, வேர் ஆழாத கன்றைத் துடைத்துக்கொண்டு போகும். ஆகையால் ஐப்பசியில் கன்று சாணுக்கு மேல் உயர்ந்து, பத்து முற்றிய இலையாவது தாங்கி, நிழலின்றி இரண்டு மூன்று மாதம் வெயிலில் நின்று உரமேறியிருக்க வேண்டும். பங்குனியில் வேர் வராத துண்டு ஐப்பசிக்குள் அந்த நிலையை எட்டுவது கடினம். எட்டாவிட்டால் சில வாரம் அன்று, ஓராண்டு முழுவதும் பிந்தும்.

ஓராண்டு என்பது தவறணைக்காரருக்கு மட்டும் நட்டமன்று. பழைய தேயிலையைப் பிடுங்கியவர் உடனே புதுக்கன்று நடுவதில்லை. களைத்த மண் தேற, குவாத்தமாலாப் புல் வளர்த்து ஒன்றரை, இரண்டு ஆண்டு விடுவார்கள். நட்டபின் ஒழுங்காகக் கொழுந்து கிள்ள மேலும் மூன்றாண்டு செல்லும். ஆக ஐந்தாண்டு வருமானம் இல்லாத நிலம் அது. ஏக்கருக்கு ஐயாயிரம் கன்று வேண்டும். நாம் போயிருந்தபோதே அப்படி ஒருவர் வந்திருந்தார். கொழும்பில் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்த இளைஞர், தந்தையாரின் அரை ஏக்கரில் புல் போட்டு இரண்டாண்டு முடியும் தறுவாயில் இருந்தார். 2,500 கன்றுக்கு முற்பணமும் கொடுத்திருந்தார். பாத்திகளைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "ஐப்பசிக்கு ஆகும்தானே, மாமா?" என்றார். "பார்ப்போம் மகன்" என்றார் பெரியவர்.

அவர் போனபின் பெரியவர் பழைய கதையொன்று சொன்னார். எழுபதுகளின் பிற்பகுதியில், தோட்டங்கள் அரசுடைமையான சில ஆண்டுகளில், அவர் இளம் கணக்கப்பிள்ளையாயிருந்த தோட்டத்தில் இதேபோல் ஒரு குளிராண்டு வந்ததாம். ஐப்பசியில் கன்று ஒரு விரல் நீளம்தான் இருந்தது. இத்தனை ஏக்கர் நட்டு முடித்ததாக அறிக்கை போகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நட்டார்கள். கார்த்திகையில் பார்க்க அழகாயிருந்தது, அறிக்கையும் போயிற்று. ஆவணியில் அந்த மலையிலே பெரியவர் உயிரோடு எண்ணிய கன்றுகளைவிடக் காய்ந்த குச்சிகளே மிகுதி. அதன்பின் அந்த மலையில் வெற்றிடம் நிரப்புவதே ஆண்டுதோறும் ஒரு வேலையாயிற்று. எத்தனை தோட்டங்களில் இன்றும் மொட்டையாய்க் கிடக்கும் மலைகளுக்கு இப்படியோர் அறிக்கை காரணமாயிருக்குமோ என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மறுவாரம் ஒருமுறை போனோம். மூட்டம் கலைந்திருந்தது. பிற்பகலில் இடியோடு மழை, முற்பகலில் வெயில், தேயிலை விரும்பும் சுவாத்தியம். மேற்பாத்திகளில் இலைக்கக்கத்து மொட்டுக்கள் அரிசிமணியளவு விரிந்திருந்தன. அடிப்பாத்தியில் பல இலைகள் மஞ்சளாகிப் பையின்மேல் உதிர்ந்து கிடந்தன. அம்மையார் வெறும் பைகளைப் பொறுக்கி ஒருபுறம் அடுக்கிக்கொண்டிருந்தார். வேலியின் வாய்க்கருகே இருந்த சில வரிசைகள் மட்டும் தப்பியிருந்தன.

ஐப்பசியில் மூன்றாம் முறையும் சென்றோம். அன்று இளைஞர் சிறு லொறியோடு வந்திருந்தார். பெரியவர் கையில் ஒரு குச்சி. ஒரு சாணும் நான்கு விரலும் அதில் கத்தியால் கோடிட்டிருந்தது. ஒவ்வொரு பையாகக் கோலை நிறுத்தி, இலையை எண்ணி, தேறியதை வலப்புறமும் தேறாததை இடப்புறமும் வைத்தார். கோட்டுக்கு ஓர் அங்குலம் குறைந்ததை இளைஞர் வலப்புறம் நகர்த்தினார். பெரியவர் ஒன்றும் பேசாமல் அதை மீண்டும் இடப்புறம் வைத்தார். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தது. நண்பகலில் வலப்புறம் 1,400 பை சேர்ந்திருந்தது.

"மிச்ச நிலத்தை நான் என்ன செய்யிறது, மாமா?" என்று இளைஞர் கேட்டார். குரலில் கோபம் இருந்தது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

"மேற்பாதியில் இதை நடு. கீழ்ப்பாதியில் புல்லை வெட்டாதே, இன்னும் ஒரு வருஷம் நிக்கட்டும், மண்ணுக்கு நல்லதுதான். இடப்பக்கம் இருக்கிறதெல்லாம் உன் பேரில்தான் இருக்கு. விலை ஏற்ற மாட்டேன்."

"அந்த ஒரு வருஷத்துக்கு?"

பெரியவர் மனைவியாரைப் பார்த்தார். அம்மையார், தைக்குப் பிறகு தாய்ச்செடி வெட்டவும் பை நிரப்பவும் தங்களுக்கு ஆள் வேண்டுமென்றும், தம் கைக்கும் கண்ணுக்கும் முன்போல் வேலை ஓடவில்லையென்றும் சொன்னார். இளைஞர் உடனே பதில் கூறவில்லை. லொறியில் பைகளை ஏற்றத் தொடங்கினார். நாமும் கூடநின்று ஏற்றினோம். ஏற்றி முடிந்ததும் அவர் இடப்புறத்துப் பைகளின் அருகே போய்க் குந்தி, கோட்டுக்கு ஓர் அங்குலம் குறைந்திருந்த அந்தக் கன்றைத் தேடியெடுத்து வரிசையின் முன்னால் வைத்துவிட்டு, சவரக்கத்தி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அம்மையாரிடம் கேட்டார்.